மோட்டார் நியூரான் நோய்: ஆராய்ச்சி எதுவரை வந்திருக்கிறது, எதை நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்கு ஆணை கொண்டு செல்லும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழிவதுதான் மோட்டார் நியூரான் நோய், சுருக்கமாக எம்.என்.டி. பெரியவர்களில் இதில் அதிகம் காணப்படுவது ஏ.எல்.எஸ். என்னும் வகை. சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்காது, படியேறும்போது முன்பாதம் தட்டும், அல்லது பேச்சு குழறும். அங்கிருந்து மற்ற தசைகளுக்குப் பரவும். கீழே பெரும்பாலும் ஏ.எல்.எஸ். பற்றித்தான் பேசுகிறோம். மருந்து அளவுகளைக் கொடுத்திருப்பது உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் விவரமாகப் பேசுவதற்கு. அதைப் பார்த்து நீங்களே மருந்தைத் தொடங்க வேண்டாம்.

நூற்றைம்பது வருஷமாக மருந்து வராத நோய். இப்போது மட்டும் என்ன புதிதாக நம்பிக்கை?

பாரிஸில் நரம்பியல் மருத்துவர் சார்கோ 1869-ல் இந்த நோயை விவரித்தார். முதல் மருந்தான ரிலுசோல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1995-ல். நரம்பணு ஏன் சாகிறது என்று தெரியாமல் மருந்து தேடியதால்தான் இத்தனை காலம் ஆனது. 1993-ல் எஸ்.ஓ.டி.1 என்ற முதல் மரபணு பிடிபட்டது. 2006-ல் டி.டி.பி-43 என்ற புரதம் நரம்பணுக்களில் கட்டியாகத் திரள்வது தெரிந்தது. 2011-ல் சி9ஓ.ஆர்.எஃப்.72 (சுருக்கமாக சி9) மரபணு கிடைத்தது. 2023-ல்தான் நோயின் காரணத்தையே குறிவைக்கும் மருந்து முதன்முதலாக வந்தது.

குழந்தைகளுக்கு வரும் எஸ்.எம்.ஏ.வும் மோட்டார் நியூரான் நோய்தான். 2016 வரை அதற்கு மருந்தே கிடையாது. அந்த ஆண்டு டிசம்பரில் நுசினெர்சென் வந்தது, பிறகு மரபணு சிகிச்சையும் வாய்வழி மருந்தும் வந்தன. பிறந்தவுடனே மருந்து பெற்ற குழந்தைகளில் பலர் உட்காரவும் நடக்கவும் செய்கிறார்கள். மோட்டார் நியூரானைச் சாகாமல் காக்க முடியும் என்பதற்கு இது கண்ணெதிரே உள்ள சான்று. ஏ.எல்.எஸ்ஸில் சிக்கல் என்னவென்றால், எஸ்.எம்.ஏ.வுக்கு ஒரே மரபணு காரணம், இதற்குப் பல.

டோஃபெர்சென் என்கிறார்களே, அது என்ன செய்கிறது?

எஸ்.ஓ.டி.1 மரபணுவில் பிழை இருந்தால் அதிலிருந்து உருவாகும் புரதம் முறுக்கிக்கொண்டு நரம்பணுவை நஞ்சாக்குகிறது. மரபணு நேரடியாகப் புரதம் செய்வதில்லை. முதலில் ஆர்.என்.ஏ. என்ற நகல் எழுதப்படும், அந்த நகலைப் படித்துத்தான் செல் புரதம் செய்யும். டோஃபெர்சென் அந்த நகலில் போய் ஒட்டிக்கொள்ளும் சின்னத் துண்டு. ஒட்டியதும் செல்லுக்குள் இருக்கும் நொதி ஒன்று நகலை வெட்டிப் போட்டுவிடும். நகல் இல்லையென்றால் புரதமும் இல்லை. இந்த வகை மருந்துகளுக்கு ஆன்டிசென்ஸ் என்று பெயர்.

மாத்திரையாகக் கொடுத்தால் மூளைக்குப் போகாது. அதனால் இடுப்பில் ஊசி போட்டுத் தண்டுவடத் திரவத்திலேயே செலுத்துகிறார்கள். ஒரு தடவைக்கு 100 மி.கி., 15 மி.லி. அளவில். முதல் மூன்று ஊசி 14 நாளுக்கு ஒன்று, அதன்பின் 28 நாளுக்கு ஒன்று, தொடர்ந்து.

இதன் முக்கியமான ஆய்வு தோற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். 108 பேர், 28 வாரம். நோயின் அளவைக் கணக்கிடும் 48 மதிப்பெண் அட்டவணையில், மருந்து பெற்றவர்களுக்கும் பிளசிபோ என்னும் வெற்று ஊசி பெற்றவர்களுக்கும் போதிய வித்தியாசம் வரவில்லை. ஆனால் நரம்பு சிதையும்போது ரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமென்ட் என்ற பொருள், மருந்து பெற்றவர்களிடம் சுமார் 55 சதவீதம் குறைந்தது. மற்றவர்களிடம் 12 சதவீதம் கூடியது. பிறகு எல்லோருக்கும் மருந்து கொடுத்து 52 வாரம் ஆனபோது, முதலிலேயே தொடங்கியவர்கள் தாமதமாகத் தொடங்கியவர்களைவிட 3.5 மதிப்பெண் மேலே நின்றார்கள். நெருப்பு அணைந்த பிறகும் சூடு தணிய நேரமாகும், அது மாதிரி. 28 வாரம் போதவில்லை. இதை வைத்து 2023 ஏப்ரலில் அமெரிக்கா துரித அனுமதி கொடுத்தது, 2024-ல் ஐரோப்பாவும் கொடுத்தது.

தண்டுவட அழற்சி, நரம்புவேர் அழற்சி, கிருமியில்லாத மூளையுறை அழற்சி, தலைக்குள் அழுத்தம் கூடுவது ஆகியவை கடுமையான பக்கவிளைவுகள். ஊசிக்குப் பின் கடும் தலைவலி, பார்வை மங்கல், கால் மரத்துப்போதல் வந்தால் அடுத்த ஊசி வரை காத்திருக்காமல் உடனே சொல்ல வேண்டும்.

அப்படியானால் எங்கள் அப்பாவுக்கும் போடலாமா?

அப்பாவுக்கு எஸ்.ஓ.டி.1 பிழை இருந்தால் மட்டும் பொருந்தும். ஏ.எல்.எஸ். உள்ள நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்குத்தான் அது இருக்கிறது. குறைவுதான். ஆனாலும் சோதிக்காமல் விட்டுவிட இது காரணம் ஆகாது. ஐரோப்பியர்களிடம் குடும்பவழி நோயில் சி9 முதலிடம் என்றால், ஆசியர்களிடம் சி9 அரிது, எஸ்.ஓ.டி.1 தான் முந்துகிறது. வெளிநாட்டு இணையப் பக்கங்களில் உள்ள சதவீதங்களை நம் குடும்பங்களுக்கு அப்படியே போட்டுப் பார்ப்பதில் இந்தப் பிசகு வரும்.

மரபணு சோதனைக்குப் போகும்போது என்ன கேட்க வேண்டும்?

கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள், அவ்வளவே. தவறு நடப்பதெல்லாம் எந்தச் சோதனை எழுதப்படுகிறது என்பதிலும் முடிவை எப்படிப் படிக்கிறோம் என்பதிலும்தான்.

எஸ்.ஓ.டி.1, எஃப்.யூ.எஸ்., டி.ஏ.ஆர்.டி.பி.பி. ஆகிய மரபணுக்களில் உள்ள பிழைகள் வழக்கமான மரபணு வரிசைச் சோதனையில் தெரிந்துவிடும். சி9 தெரியாது. அதில் எழுத்துப்பிழை கிடையாது, ஆறு எழுத்துத் துண்டு ஒன்று நூற்றுக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். சாதாரணச் சோதனை அந்த நீளத்தை அளக்காது. ‘ரிப்பீட்-பிரைம்டு பி.சி.ஆர்.’ என்று தனியே எழுதித் தர வேண்டும். முழுச் சோதனையும் செய்தாயிற்று, எதுவும் இல்லை என்று ஆய்வகம் சொன்னால், சி9 அதில் சேர்ந்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பல நேரம் சேர்ந்திருக்காது.

முடிவில் ‘வி.யு.எஸ்.’ என்று வந்தால், மாற்றம் ஒன்று இருக்கிறது, அது நோய் தருமா என்று யாருக்கும் தெரியாது என்று பொருள். அதை வைத்து மருந்தும் தொடங்கக் கூடாது, கல்யாணத்தையும் நிறுத்தக் கூடாது. ஓரிரு ஆண்டு கழித்து அதே அறிக்கையை மறுபடி அலசச் சொல்லுங்கள். அப்போது வகைப்பாடு மாறியிருக்கலாம்.

அண்ணனுக்கு எஸ்.ஓ.டி.1 இருக்கிறது. எங்களுக்கும் வருமா, முன்கூட்டியே தடுக்க முடியுமா?

பெரும்பாலான எஸ்.ஓ.டி.1 பிழைகளில் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிழை இருந்தும் கடைசிவரை நோய் வராதவர்களும் உண்டு.

இந்தத் துறையில் எங்களை அதிகம் ஈர்ப்பது இந்தக் கேள்விதான். எஸ்.ஓ.டி.1 உள்ளவர்களுக்கு அறிகுறி தெரிவதற்குப் பல மாதங்கள் முன்பே ரத்தத்தில் நியூரோஃபிலமென்ட் ஏறத் தொடங்குகிறது. அட்லஸ் என்ற ஆய்வு இதையே கைப்பிடியாகக் கொண்டது. பிழை உள்ள, அறிகுறி இல்லாத ஆட்களின் ரத்தத்தைத் தொடர்ந்து பார்க்கிறார்கள். அளவு ஏறியதும் டோஃபெர்சென் அல்லது வெற்று ஊசி தொடங்குகிறார்கள். செத்த நரம்பணுவை எந்த மருந்தும் எழுப்பாது. அதனால் சாவதற்கு முன் போய்ச் சேர்வதே சரியான வழி.

எஃப்.யூ.எஸ். பிழைக்கான ஆன்டிசென்ஸ் மருந்து உலெஃப்னெர்சென். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 12 பேருக்குக் கொடுத்த அனுபவம் 2025-ல் வெளியானது. பலரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் ஒரு இளம்பெண் சுவாசக் கருவியை விட்டுவிட்டுத் துணையில்லாமல் நடந்தார். அறிகுறி தெரியும் முன்பே மருந்து தொடங்கிய ஒருவருக்கு மூன்று ஆண்டு கழித்தும் நோய் வெளிப்படவில்லை. பன்னிரண்டு பேரை வைத்துச் சட்டம் எழுத முடியாதுதான். இருந்தாலும், ஏ.எல்.எஸ்ஸில் போன பலம் திரும்பி வருவது கிட்டத்தட்ட கேள்விப்படாத விஷயம்.

அறிகுறி இல்லாதவர் சோதனை செய்துகொள்வதற்கு முன் மரபணு ஆலோசகரைப் பார்ப்பது அவசியம். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு, அறிகுறி இல்லாதபோது, எடுக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் யாருக்கும் இதற்கு முன் இல்லை. மரபணு ஆராய்ச்சியால் எங்களுக்கு என்ன லாபம்?

பத்தில் ஒன்பது பேரின் நிலைமை இதுதான். அவர்களுக்கான வழி டி.டி.பி-43.

எஸ்.ஓ.டி.1, எஃப்.யூ.எஸ். உள்ளவர்களைத் தவிர்த்தால், ஏறக்குறைய எல்லா ஏ.எல்.எஸ். நோயாளிகளின் நரம்பணுவிலும் இந்தப் புரதம் கருவை விட்டு வெளியேறிக் கட்டியாகத் திரண்டிருக்கும். கருவுக்குள் அதன் வேலை, ஆர்.என்.ஏ. நகலில் தேவையில்லாத வரிகளை நீக்கும் பிழைதிருத்தம். அது வெளியே போய்விட்டால் குப்பை வரிகள் அப்படியே நின்றுவிடும். 2019-ல் ஸ்டாத்மின்-2 என்ற புரதமும் 2022-ல் யு.என்.சி.13ஏ என்ற புரதமும் இப்படித்தான் கெட்டுப்போகின்றன என்று தெரிந்தது. நரம்பிழை வளரவும் அதைப் பழுதுபார்க்கவும் முதலாவது தேவை, நரம்பு தசையோடு பேச இரண்டாவது தேவை. யு.என்.சி.13ஏ மரபணுவில் ஒரு சாதாரண வேறுபாடு உள்ளவர்களுக்கு ஏ.எல்.எஸ். ஆபத்து கூடுதல் என்று 2009-லேயே தெரியும். ஏன் என்பது பதின்மூன்று ஆண்டு கழித்துத்தான் விளங்கியது.

அந்தக் குப்பை வரியை ஆன்டிசென்ஸ் துண்டால் மூடிவிட்டால் புரதம் மறுபடி சரியாக உருவாகிறது. செல்களில் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். ஸ்டாத்மின்-2-க்கான மருந்து மனிதர்களிடம் ஆய்வுக்கு வந்துவிட்டது. பரம்பரை இல்லாதவர்களுக்கும் பொருந்தக்கூடிய, காரணத்தை ஒட்டிய முதல் தலைமுறை மருந்துகள் இந்த வரிசையில்தான் வரும் என்பது எங்கள் கணிப்பு.

எத்தனையோ மருந்து வந்து தோற்றுவிட்டது. இதுவும் அப்படித்தானே?

சந்தேகம் நியாயமானது. ரெலிவ்ரியோ என்ற மருந்து 137 பேரிடம் நடந்த ஆய்வை வைத்து 2022 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலை ஆண்டுக்கு ஒரு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரம் டாலர். 664 பேரிடம் 48 வாரம் நடந்த பெரிய ஆய்வில் வெற்று மருந்துக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. 2024 ஏப்ரலில் நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. சி9-க்கான ஆன்டிசென்ஸ் மருந்துகள் இரண்டும் 2022-லும் 2023-லும் கைவிடப்பட்டன. குறிவைத்த நகல் குறைந்தும் ஆட்கள் தேறவில்லை. சி9 பிழை ஒரே வழியில் நஞ்சாவதில்லை என்று இதிலிருந்து தெரிந்தது.

மாறியிருப்பது தோல்வியை அறிய ஆகும் காலம். முன்பு ஒரு மருந்துக்கு ஒரு ஆய்வு, ஒவ்வொன்றுக்கும் தனி வெற்று மருந்துக் கூட்டம், பல ஆண்டு. அமெரிக்காவின் ஹீலி ஆய்வு, பிரிட்டனின் எம்.என்.டி.-ஸ்மார்ட் ஆகிய இரண்டும் 2020-ல் தொடங்கியவை. பல மருந்துகள் ஒரே சமயத்தில் ஓடும், வெற்று மருந்துக் கூட்டம் பொது. ஹீலியில் நால்வரில் மூவருக்கு உண்மையான மருந்து கிடைக்கும். பலன் தராத மருந்தை இடையிலேயே இறக்கிவிட்டு அடுத்ததை ஏற்றுவார்கள். பிரிட்டன் ஆய்வில் மெமான்டினும் டிராசடோனும் 2023-ல் அப்படித்தான் இறங்கின.

மெத்தில்கோபாலமின் ஊசி பற்றி ஜப்பானிலிருந்து செய்தி வந்ததே? அது மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கிறதே?

பி12 வைட்டமினின் ஒரு வடிவம்தான், ஆனால் அளவைப் பாருங்கள். ஜப்பான் ஆய்வில் போட்டது 50 மில்லிகிராம், தசையில், வாரம் இரு தடவை. கடையில் கிடைப்பது பெரும்பாலும் 1500 மைக்ரோகிராம், அதாவது ஒன்றரை மில்லிகிராம். 33 மடங்கு வித்தியாசம். ‘அதே ஊசிதான்’ என்று போட்டுக்கொள்பவர்கள் ஆய்வில் இருந்த மருந்தைப் பெறவே இல்லை.

அந்த ஆய்வில் 130 பேர். எல்லோரும் நோய் தொடங்கி ஓராண்டுக்குள் வந்தவர்கள். 16 வாரத்தில் மதிப்பெண் இழப்பு சுமார் 43 சதவீதம் குறைந்தது. 2024-ல் ஜப்பான் அனுமதித்தது. இதற்கு முன், நோய் தொடங்கி மூன்று ஆண்டு வரை ஆனவர்களையும் சேர்த்து நடந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. எனவே நோய் தொடங்கி மூன்று ஆண்டு ஆனவர்களுக்கு இதே பலனை எதிர்பார்க்க முடியாது.

எடரவோன் என்ற இன்னொரு மருந்து பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். 60 மி.கி., ரத்தக்குழாயில் டிரிப்ஸாக ஒரு மணி நேரம். முதல் சுற்றில் 14 நாள் தொடர்ந்து போட்டு 14 நாள் விடுவார்கள், பிறகு 14 நாளில் 10 நாள். ஜப்பானில் தேர்ந்தெடுத்த 137 பேரிடம் பலன் தெரிந்தது. ஜெர்மனியில் 324 பேரை ஒப்பிட்டபோது தெரியவில்லை, ஐரோப்பாவில் நடந்த வாய்வழி வடிவ ஆய்வும் 2024-ல் தோற்றது. ஊசிக்காக நகையை அடகு வைக்கும் நிலை என்றால் அந்தப் பணம் முகமூடிவழி மூச்சுக்கு உதவும் பைபேப் கருவிக்குப் போகட்டும். காரணம் கீழே.

ரிலுசோல் ஆயுளை இரண்டு மூன்று மாதம்தான் நீட்டிக்கும் என்றால் எதற்கு?

அந்தக் கணக்கு தொண்ணூறுகளின் ஆய்வுகளில் வந்தது. பின்னாளில் நோயாளிப் பதிவேடுகளை அலசியபோது 6 முதல் 19 மாதம் வரை வித்தியாசம் தெரிந்தது. பதிவேட்டுக் கணக்கில் மிகைப்பு இருக்கலாம், அதனால் உண்மை இடையில் எங்கோ இருக்கிறது. 50 மி.கி. காலையும் இரவும், வெறும் வயிற்றில்: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு அல்லது இரண்டு மணி நேரம் பின்பு. எண்ணெய், நெய் சேர்ந்த சாப்பாட்டோடு போட்டால் உடலில் சேரும் அளவு குறையும். முதல் மூன்று மாதம் மாதாமாதம் கல்லீரல் ரத்தச் சோதனை. நொதி அளவு இயல்பைவிட 5 மடங்கு தாண்டினால் நிறுத்துவது வழக்கம். காய்ச்சல் வந்தால் வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். கூடவே சூரணம், லேகியம் எடுப்பவர்கள் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நொதி ஏறினால் எதனால் என்று பிரித்தறிய முடியாமல் ரிலுசோலைத்தான் முதலில் நிறுத்துவார்கள்.

ஸ்டெம் செல் சிகிச்சை?

பணம் கட்டிப் போடுவதாக இருந்தால் வேண்டாம். நன்றாக ஆராயப்பட்ட நர்-ஓன் (NurOwn) என்ற ஸ்டெம் செல் மருந்தே மூன்றாம் கட்டத்தில் தோற்றது. 2023-ல் அமெரிக்க ஆலோசனைக் குழுவில் 17 பேர் எதிராகவும் ஒருவர் ஆதரவாகவும் வாக்களித்தார்கள். இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டு நெறிகளின்படி, சில ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர எதுவும் அங்கீகரிக்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை இல்லை. உண்மையான ஆய்வில் ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள். ‘ஆய்வு’ என்று சொல்லி லட்சங்களில் ரசீது நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பையனுக்கு இருபது வயதுதான். அவனுக்கும் இதேதானா?

இந்த வயதில் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஒரு கை மட்டும், விரல்களும் முன்கையும் மெலிந்து, சில ஆண்டில் தானாக நின்றுவிடும் நோய் உண்டு. ஜப்பானில் ஹிரயாமா 1959-ல் சொன்னார், பெங்களூரு நிம்ஹான்ஸில் கௌரி தேவி 1984-ல் இந்திய நோயாளிகளிடம் விவரித்தார். கழுத்தைக் குனிந்த நிலையில் எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் பலருக்கு இது பிடிபடும். நேராகப் படுத்த நிலையில் தப்பிவிடும்.

இன்னொன்று நம் ஊர்ப் பெயரையே தாங்கியது. 1970-ல் சென்னையில் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் எழுதிய ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்’: இளவயதில் தொடங்கி, காது மந்தமாகி, முகமும் தொண்டையும் தளர்ந்து, ஆனால் மெதுவாகப் போகும். இதைப் போலவே தோன்றும் பிரவுன்-வியாலெட்டோ-வான் லேர் நோயில், பி2 வைட்டமினை உள்ளே எடுத்துச் செல்லும் மரபணு பழுதாகியிருக்கும். அதற்கு அதிக அளவு பி2 கொடுத்தால் பலர் தேறுகிறார்கள். இளவயதில் காது மந்தமும் விழுங்கும் சிரமமும் சேர்ந்து வந்தால் மரபணு முடிவு வரும் வரை காத்திருக்காமல் பி2 தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இவ்வளவு மலிவான மருந்து தவறிப்போகக் கூடாது.

புது மருந்து வரும்வரை ஆயுளைக் கூட்ட என்ன செய்யலாம்?

மூச்சு. பிரிட்டனில் நியூகாசிலில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், தொண்டைத் தசைகள் அதிகம் தளராதவர்களுக்கு முகமூடிவழி சுவாச உதவி இடைநிலை ஆயுளை 205 நாள் கூட்டியது. தொண்டை மிகவும் தளர்ந்தவர்களுக்கு ஆயுள் கூடவில்லை, ஆனால் தூக்கம் தொடர்பான தொல்லைகள் குறைந்தன.

காலையில் தலைவலி, இரவில் அடிக்கடி விழிப்பு, மல்லாந்து படுக்க முடியாமை, பகல் தூக்கம்: இவை கரியமிலவாயு தேங்குவதன் அடையாளம். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் 96 காட்டும், வாயு உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். அதை நம்பி ஏமாறாதீர்கள். ரத்த வாயுச் சோதனையில் கரியமிலவாயு 45-க்கு மேல் போனாலோ, நுரையீரல் திறனை அளக்கும் ஊதும் சோதனையில் 50 சதவீதத்துக்குக் கீழ் வந்தாலோ, அறிகுறியோடு 80-க்குக் கீழ் வந்தாலோ பைபேப் பற்றிப் பேச வேண்டும். ஒரே அழுத்தத்தில் காற்று தரும் சிபேப் போதாது. மூச்சு தானாக வராதபோது தள்ளிவிடும் ‘எஸ்.டி.’ முறை உள்ள பைபேப் வேண்டும். வெறும் ஆக்ஸிஜன் மெஷின் மட்டும் வைத்தால் மூச்சைத் தூண்டும் உந்துதல் குறைந்து வாயு மேலும் தேங்கி ஆள் மயங்கிப்போகலாம். முதல் வாரத்தில் பலரும் முகமூடியைக் கழற்றி எறிவார்கள். பகலில் டி.வி. பார்க்கும்போது அரை மணி நேரம் பழக்கி, அழுத்தத்தை மெல்ல ஏற்றி, இரவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் கொண்டு போங்கள். எச்சில் அதிகமாக இருந்தால் அதற்கு முதலில் மருந்து. கரண்ட் போனால் தாங்க இன்வெர்ட்டர் கட்டாயம்.

வயிற்றுக் குழாயும் அப்படியே. எடை 5 சதவீதம் குறைந்தவுடன், ஊதும் திறன் 50-க்குக் கீழ் போகும் முன் வைத்துக்கொண்டால் ஆபத்து குறைவு. ‘இன்னும் வாயால் சாப்பிடுகிறாரே’ என்று தள்ளிப்போடுவதுதான் வழக்கமான தவறு. குழாய் வைத்தபின்னும் விழுங்க முடிந்ததை வாயால் சாப்பிடலாம்.

பேச்சு போய்விட்டால்?

கண் அசைவால் எழுதும் கருவிகள் இன்றே உண்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், ஏ.எல்.எஸ். உள்ள ஒருவரின் மூளையில் 256 மின்முனைகள் பதித்து, அவர் பேச முயல்வதைக் கணினி சொற்களாக மாற்றியது. 2024-ல் வெளியான முடிவில் சரியாக வந்த சொற்கள் நூற்றுக்கு 97 அளவு. ஆங்கிலத்தில்தான். அப்பா இன்னும் தெளிவாகப் பேசுகிறார் என்றால், பெயர் சொல்லி அழைப்பது, சிரிப்பது, திட்டுவது உட்பட அவர் தமிழை அமைதியான அறையில் போனிலேயே பதிந்து வையுங்கள்.

ஆய்வில் சேர எப்படித் தயாராவது?

இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகள் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். யாரும் இலவசமாகத் தேடலாம். பதிவு எண் இல்லாத ஆய்வு வேண்டாம்.

பல ஆய்வுகள் அறிகுறி தொடங்கி 18 அல்லது 24 மாதத்துக்குள், ஊதும் திறன் 50 முதல் 65 சதவீதத்துக்கு மேல் உள்ளவர்களையே எடுக்கும். எனவே முதல் பலவீனம் எந்த மாதம் தெரிந்தது என்பதை மருத்துவக் குறிப்பில் எழுதி வாங்குங்கள். ‘ரொம்ப நாளா’ என்று எழுதப்பட்ட ஒரு சொல் ஆளை வெளியே தள்ளிவிடும். முதல் நாளிலிருந்தே மூன்று மாதத்துக்கு ஒருமுறை 48 மதிப்பெண் அட்டவணை, எடை, ஊதும் சோதனை மூன்றையும் ஒரே நோட்டில் தேதியோடு வையுங்கள். மரபணு முடிவின் நகலும் அதிலேயே இருக்கட்டும். ரிலுசோல் எடுப்பவர்களிடம் அளவு மாறாமல் 30 நாளாவது ஆகியிருக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஆகவே சேர்க்கைக்குக் காத்திருக்கும்போது நீங்களாக அதை நிறுத்துவதோ புதிதாகத் தொடங்குவதோ வேண்டாம்.